கூரை இல்லாத இடத்தில் விழுந்த பல்

எனக்கு எழுபத்திரண்டு வயது ஆகிறது. பெற்ற ஐந்தையும் நாத்தனார் விட்டுப்போன ஒன்றையும் சேர்த்து ஆறு பிள்ளைகளை வளர்த்தேன். ஆறு பேரில் ஒருவருக்கும் பல் சொத்தையானதில்லை. என் வாயிலும் இன்னும் முறுக்கு கடிபடும்.

நாளை என் பேத்தி பள்ளிக்கூடத்திலிருந்து கேம்ப் போகிறாள். டென்ட்டில் படுக்கவேண்டுமாம். பையில் பேஸ்ட் இருக்கிறது, பிரஷ்ஷுக்கு ஒரு மூடிகூட இருக்கிறது. "உங்க காலத்துல டென்ட்டெல்லாம் எங்க பாட்டி இருந்துச்சு?" என்கிறாள். நான் டென்ட்டிலேயே வளர்ந்தவள் என்று இந்தப் பெங்களூர் ஆஸ்டின் டவுனில் யாருக்குத் தெரியும். அதனால்தான் நான் சொல்லச் சொல்ல அவளையே எழுத வைத்திருக்கிறேன்.

எங்கள் அப்பா ரோடு போடும் கூலி. அவரை நைனா என்றுதான் கூப்பிடுவோம். இன்று கம்பெனி பஸ்கள் வரிசையாக நிற்கிற ஓசூர் ரோட்டில், அத்திபெலேக்கு இந்தப் பக்கம், ஜல்லி கொட்டிக்கொண்டே போவார்கள். வேலை நகர நகர எங்கள் டேராவும் நகரும். இரண்டு கழி, மேலே ஒரு கித்தான், அதுதான் வீடு.

தண்ணீர் பீப்பாய் வண்டியில் வரும். குடிக்கவே அளந்துதான் கிடைக்கும். ஆனாலும் வாய் கொப்பளிக்க ஆளுக்கு ஒரு லோட்டா என்று அம்மா முதலிலேயே எடுத்து வைத்துவிடுவாள். அடுப்புக்கரியும் உப்பும் பொடித்து ஒரு சிரட்டையில் இருக்கும். தேய்த்துவிட்டு அவள் முன்னால் போய் ஈ என்று காட்டினால்தான் களி. குளிக்காத நாள் உண்டு, பல் தேய்க்காத நாள் எங்களுக்குக் கிடையாது.

எனக்கு ஏழு வயது இருக்கும்போது முன்பல் ஒன்று விழுந்தது. விழுந்த பல்லைச் சாணத்தில் வைத்து உருட்டிக் கூரைமேல் எறியவேண்டும். அப்போதுதான் புதுப்பல் முளைக்கும். நானும் உருட்டி எறிந்தேன். கித்தானில் சறுக்கிக்கொண்டு காலடிக்கே வந்தது. மறுபடி எறிந்தேன், மறுபடி வந்தது.

"நம்ம கூரையே வேணாங்குது பாரு" என்று அண்ணன் சிரித்தான்.

"மரத்துமேல எறியேன்டி" என்றாள் அத்தை, நைனாவின் தங்கை.

"மரம் வளந்துகிட்டே போவும். பல்லும் கூடவே வளந்துச்சின்னா இவள எவன் கட்டுவான்?" என்றாள் அம்மா.

"அப்ப மாட்டுவண்டிக் கூண்டுமேல?"

"வண்டி எந்த ஊருக்குப் போவுதோ அந்த ஊர்ல போயி மொளைக்கும்."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. காலத்துக்கும் பொக்கை வாயோடு கிடக்கவேண்டுமே என்று பயமாக இருந்தது.

கண்ணுக்கு எட்டிய தூரத்தில் ஓடு போட்ட கூரை ஒன்றுதான். ரோட்டுக்கு அந்தப்புறம் ஓவர்சியர் வீடு. கூலிக்காரப் பிள்ளைகள் அந்த வாசலை மிதிக்கக்கூடாது. பெரியவர்கள் வேலைக்குப் போனதும் நான் நேராக அங்கே போனேன். இருந்த பலம் முழுவதும் வைத்து எறிந்தேன். உருண்டை இரண்டு ஓடுகளுக்கு நடுவில் போய் உட்கார்ந்துகொண்டது.

சத்தம் கேட்டு ஓவர்சியரின் தாயார் வெளியே வந்தார். நான் வாயைத் திறந்து பல் விழுந்த இடத்தைக் காட்டினேன். விஷயம் புரிந்ததும் அவர் போட்ட கூச்சலில் ஓவர்சியர் வந்தார். ஆள் அனுப்பி நைனாவை வரவழைத்தார்.

"கூலிக்காரன் வீட்டு எச்சப் பல்லு என் கூரைமேலயா? ஏறி எடு. இல்லேன்னா டேராவ சுருட்டிகிட்டுக் கெளம்பு" என்று கன்னடம் பாதி தமிழ் பாதியாகச் சொன்னார் ஓவர்சியர்.

நைனா தலைத்துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டு ஏணி வைத்து ஏறினார். ஓடுகளுக்குள் கையை விட்டுத் துழாவினார். கையை மூடியபடி, தலையைக் குனிந்தபடி இறங்கி வந்து, ரோட்டோரப் பள்ளத்தில் தூரமாக வீசினார்.

"எடுத்தாச்சுங்க சாமி" என்றார்.

இருட்டும்வரை அந்தப் பள்ளத்தில் தேடினேன். கிடைக்கவில்லை. நைனாவோடு பேசவும் இல்லை. எனக்காக ஒரு வார்த்தை கேட்காத மனுஷனிடம் என்ன பேச்சு.

கூரை வேண்டாம், போகட்டும், நானே முளைக்க வைக்கிறேன் என்று மறுநாள் காலையில் தீர்மானம் பண்ணிக்கொண்டேன். எல்லோருக்கும் முன்னால் எழுந்து, கரியை மாவு போல நுணுக்கி, வெறும் ஈறைத் தேய்தேயென்று தேய்த்தேன். ரத்தம் வந்தால் உப்புத் தண்ணீர் கொப்பளிப்பேன். என் லோட்டா தண்ணீரில் ஒரு சொட்டு யாருக்கும் தரமாட்டேன். அண்ணன் கேலி பண்ணினான். நான் விடவில்லை.

மழை பிடிப்பதற்கு முன்னால் வெள்ளையாக ஒரு முனை எட்டிப்பார்த்தது. டேரா டேராவாகப் போய்க் காட்டினேன். கடைசியில் நைனாவிடமும் போய் நின்றேன்.

"பாத்தியா நைனா, கூரையும் வேணாம் ஒண்ணும் வேணாம். நான் தேச்சே மொளைக்க வெச்சேன்."

"ஆமா தாயி, உன் கை அப்படி" என்றார். சொல்லிவிட்டு ரோட்டுக்கு அந்தப்புறம் பார்த்துத் தனக்குள்ளே சிரித்துக்கொண்டார். எதற்கு அந்தச் சிரிப்பு என்று எனக்கு விளங்கவில்லை.

நைனா காலமாகி வெகுநாள் கழித்து, பேச்சோடு பேச்சாக அம்மா சொன்னாள். அன்றைக்கு அவர் உருண்டையை எடுக்கவே இல்லையாம். விரலால் ஓட்டுக்கு அடியில் இன்னும் ஆழமாகத் தள்ளிவிட்டு, இடுக்கில் கிடந்த மண்கட்டி ஒன்றைக் கையில் மூடிக்கொண்டு இறங்கினாராம். கையைத் திற என்று ஓவர்சியர் கேட்டிருந்தால் அன்று ராத்திரியே நாங்கள் நடுரோட்டில். அது தெரிந்துதான் செய்திருக்கிறார். பயந்துபோய்த்தான் குனிந்து வருகிறார் என்று அந்த ஏழு வயதில் நான் நினைத்துக்கொண்டேன்.

ஆனாலும் சொல்கிறேன், நான் தேய்த்ததும் சும்மா போகவில்லை.

சரி கண்ணு, எழுதினது போதும். முதலிலிருந்து ஒருதரம் படித்துக் காட்டு. நைனா ஏறி இறங்குகிற இடத்தை மட்டும் அவசரப்படாமல் படி.