பாதி மட்டும் படிக்கப்பட்டவர்

கைப்பையைத் தோளிலிருந்து இறக்கக்கூட இல்லை, அதற்குள் கணினியைத் தட்டி எழுப்பிவிட்டார். நேற்று உலகத்தில் எங்கெங்கோ வெளியான கட்டுரைகளில் எவனெவன் தன் கட்டுரையை மேற்கோள் காட்டியிருக்கிறான் என்று பார்க்க வேண்டும். முழுக் கட்டுரையையும் படிக்க மாட்டார். தன் பெயர் உட்கார்ந்திருக்கும் அந்த ஒரு வரியைத் தேடிப் பிடிப்பார். படிப்பார். உதட்டைச் சுழிப்பார். பிறகு சத்தமாகத் தீர்ப்பு வரும்.

"கும்பல்ல கோவிந்தா." பத்துப் பேரோடு சேர்த்து ஒரே அடைப்புக்குறிக்குள் திணித்திருக்கிறார்கள் என்று அர்த்தம். "ஒப்புக்குச் சப்பாணி." கட்டுரையின் மேற்கோள் பட்டியல் நீளமாகத் தெரிய வேண்டும் என்பதற்காகச் சேர்த்திருக்கிறார்கள். "இவன் தலைப்ப மட்டும் படிச்சிருக்கான், கழுத." இதற்கு விளக்கம் வேண்டாம். எப்போதாவது, ஆண்டுக்கு ஒரு முறையோ இரண்டு முறையோ, "அடடே, இது படிச்ச புள்ள!" என்பார். அன்றைக்குக் காபிக்குச் சர்க்கரையே தேவைப்படாது.

ஐம்பத்தைந்து வயது. ஆராய்ச்சி நிறுவனத்தில் எல்லோருக்கும் அவர் எலி டாக்டர். எலிகளின் காதைப் பற்றி ஆராய்வதே பிழைப்பு. எந்த மருந்து காதைக் கெடுக்கும், எது கெடுக்காது என்று முதலில் எலிக்குப் போட்டுப் பார்க்க வேண்டுமே, அந்த வேலை. அவர் வீடிருக்கும் தெருவில் டாக்டரம்மா என்று நம்பி இருமலுக்கு மருந்து கேட்டு வருகிறார்கள். "நான் எலிக்குத்தாம்மா டாக்டர். அதுவும் காதுக்கு மட்டும்" என்று சொல்லி அனுப்புவார். வந்தவர்கள் சிரித்துக்கொண்டே மறுபடி ஒருமுறை இருமிக் காட்டுவார்கள்.

இத்தனை வருஷம் எலிகளோடு இருந்ததில் சத்தம் என்றாலே ஆகாது. ரப்பர் செருப்பு. கதவைச் சாத்தும்போது கடைசி அங்குலத்தில் கையைக் கொடுத்துத் தாங்குவார். வீட்டில் மிக்சி ஓடினால் வாசலுக்குப் போய் நின்றுகொள்வார். பேச்சும் அப்படியே, எதிரில் இருப்பவர் குனிந்து கேட்க வேண்டும். டயர் கடை வைத்திருக்கும் கணவருக்கு இதில் தீராத குறை. "இவ என்னைத் திட்டறாளா கொஞ்சறாளான்னே தெரியாதுங்க. ரெண்டும் ஒரே சவுண்டுதான்."

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு கட்டுரை எழுதினார். கைக்குழந்தைகளுக்குத் தொற்றுக் காய்ச்சல் வந்தால் போடுகிற ஓர் ஊசி மருந்தைப் பற்றியது. பெரிய எலிகளுக்குப் போட்டால் காதுக்கு ஒன்றும் ஆவதில்லை. இது முதல் பாதி. இன்னும் கண் திறக்காத குட்டிகளுக்குப் போட்டால், வளர்ந்த பிறகு பாதிக்கு மேல் செவிடு. இது இரண்டாம் பாதி. இரண்டையும் அடுத்தடுத்த வரிகளில், பச்சைப் பிள்ளைக்கும் புரிகிற மாதிரி எழுதி வைத்தார். படிப்பவர்கள் இரண்டாவது வரிக்கும் வருவார்கள் என்று நம்பியதுதான் அவர் செய்த ஒரே முட்டாள்தனம்.

பாதியோடு நிறுத்துவதற்குப் பிள்ளையார் சுழி போட்டவர் வேறெங்கோ இல்லை, பக்கத்து அறையில்தான் இருக்கிறார். அவருக்கு முந்நூறு என்று பட்டப்பெயர். முந்நூறாவது கட்டுரை வந்த அன்று நிறுவனத்தில் கேக் வெட்டினார்கள், அன்றிலிருந்து ஒட்டிக்கொண்டது. எந்தக் கட்டுரையானாலும், அவர் வளாகத்தில் நடமாடியிருந்தால் போதும், ஆசிரியர் வரிசையில் பெயர் ஏறிவிடும். அடுத்தவர்கள் கண்டுபிடித்ததையெல்லாம் தொகுத்து நீளமான கட்டுரைகள் எழுதுவார். அப்படி ஒன்றில்தான், "இந்த மருந்து எலிகளின் காதுக்குப் பாதுகாப்பானது" என்று எழுதி, ஆதாரமாக எலி டாக்டரின் பெயரைப் போட்டார். குட்டிகளைப் பற்றி மூச்சு விடவில்லை.

எலி டாக்டர் போய்க் கேட்டார். முந்நூறு கூச்சமே இல்லாமல் சிரித்தார். "அட, நம்ம இன்ஸ்டிட்யூட் பேரு வெளிய தெரியட்டுமேன்னு போட்டேன் மேடம். உங்களுக்கு நானே எத்தன சைட்டேஷன் குடுத்திருக்கேன், கணக்குப் பாருங்க."

அதைப் பார்த்து இன்னொருவன் எழுதினான். அவனைப் பார்த்து நாலு பேர். மூலக் கட்டுரையைத் திறந்து பார்க்கிற பாவத்தை யாரும் செய்யவில்லை. எலிகள் என்பது எந்த எலி என்ற கேள்வி போய், அப்புறம் எலி என்பதும் போய், கடைசியில் "காதுக்குப் பாதுகாப்பானது" என்று மொட்டையாக நின்றது. கீழே இவர் பெயர். அவர் எழுதியதிலேயே அதிகமாக மேற்கோளான கட்டுரை இன்றைக்கும் அதுதான். வயிறு எரியாதா மனுஷிக்கு?

எரிச்சலில் கடிதம் எழுத ஆரம்பித்தார். தப்பாக எழுதிய ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக, மரியாதையாக, தயவுசெய்து இரண்டாவது வரியையும் படியுங்கள் என்று. பெரும்பாலானவர்கள் பதில் போடவில்லை. சிலர் நன்றி சொன்னார்கள். நன்றி சொன்ன புண்ணியவான்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? அடுத்த கட்டுரையில் வரியைத் திருத்தவில்லை, அவரை மேற்கோள் காட்டுவதையே விட்டுவிட்டார்கள். இந்த அம்மா தொல்லை பிடித்தவள், நமக்கு எதற்கு வம்பு என்று.

இங்கேதான் சிக்கல். நிறுவனத்தில் ஆண்டுதோறும் ஒவ்வொருவருக்கும் மார்க் போடுகிறார்கள். அந்த ஆண்டில் எத்தனை கட்டுரை, மற்றவர்கள் எத்தனை முறை மேற்கோள் காட்டினார்கள், அவ்வளவுதான். திட்டி மேற்கோள் காட்டினாலும் ஒன்று, தப்பாகக் காட்டினாலும் ஒன்று. இரண்டு ஆண்டு தொடர்ந்து அவர்கள் கிழித்த கோட்டுக்குக் கீழே மார்க் போனால் தனி ஆய்வகம் கிடையாது, இன்னொருவரோடு சேர்த்துவிடுவார்கள். போன ஆண்டு அவர் கோட்டுக்குக் கீழே. கடிதம் எழுதி எழுதித் தன் மேற்கோளைத் தானே வெட்டிக்கொண்டதன் பலன். கூண்டுகளைப் பார்த்துக்கொள்ளும் பெண்மணிக்குக்கூட விஷயம் எட்டிவிட்டது. "நம்ம குட்டிங்களெல்லாம் என்ன மேடம் ஆவும்? நான் என்ன ஆவேன்?" என்று நேராகவே கேட்டார்.

இயக்குநர் கூப்பிட்டுப் பேசினார். வயதில் சின்னவர், தன்மையானவர். "மேடம், நான் உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன். அந்த ஒரு பேப்பர்தான் உங்களத் தாங்கிட்டிருக்கு. கொஞ்ச நாள் லெட்டர் எழுதாம இருங்களேன்."

"சார், அவங்க எழுதறது பொய்."

"பொய்யோ நெஜமோ, நம்பர் நம்பர்தானே மேடம்."

அந்த நேரம் பார்த்துத்தான் ஒரு பெரிய மருத்துவ இதழிலிருந்து வேலை வந்தது. வெளியாகும் முன் ஒரு கட்டுரையைச் சரிபார்த்துத் தர வேண்டும். யார் சரிபார்த்தார்கள் என்று எழுதியவர்களுக்குத் தெரியாது. பிறந்த குழந்தைகளுக்கு எந்த மருந்தைக் கொடுக்கலாம் என்று மருத்துவர்களுக்கு வழிகாட்டும் கட்டுரை. இந்த மாதிரி ஒன்று வந்தால் எல்லா மருத்துவமனையிலும் வைத்துக்கொள்வார்கள். இதைப் பார்த்து எழுதுகிறவர்கள் அதிலுள்ள பெயர்களையும் சேர்த்துத்தான் வாரிக்கொண்டு போவார்கள். நடுப்பக்கத்தில் அந்த ஊசி. காதுக்குப் பாதுகாப்பானது. ஆதாரம், எலி டாக்டர்.

கணவரிடம் சொன்னார். டயர் கடைக்காரருக்கு வியாபாரம் உடனே புரிந்தது.

"இது வெளிய வந்தா உனக்கு எத்தன வருஷத்துக்கு மார்க்குக்குக் கவலயில்ல?"

"அஞ்சாறு வருஷம்."

"நீதான் செக் பண்றேன்னு அவங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"அப்ப ஒரே ஒரு தடவ கண்ண மூடிக்கோயேம்மா. டாக்டருங்க என்ன, பேப்பரப் பாத்தா ஊசி போடறாங்க? அவங்களுக்கே தெரிஞ்சிருக்கும்."

"பேப்பரப் பாத்துதாங்க போடறாங்க."

"அப்ப உன் லேப்?"

அவர் ஏதோ சொன்னார். கணவருக்குக் கேட்கவில்லை. திரும்பக் கேட்கவும் மனம் வரவில்லை.

கண்ணை மூடிக்கொள்ளத்தான் பார்த்தார், அதையும் சொல்லிவிட வேண்டும். நாலு நாள் அந்தக் கட்டுரையைத் திறக்காமல் வேறு வேலை பார்த்தார். ஐந்தாம் நாள் உட்கார்ந்து எழுதினார். இந்த மேற்கோள் தவறு. மூலக் கட்டுரை சொல்வது இதற்கு நேர் எதிர். கண் திறக்காத குட்டிகள் செவிடாயின. பிறந்த குழந்தைகளுக்கு இம்மருந்து பாதுகாப்பானது என்று சொல்ல எந்த ஆதாரமும் இல்லை. அனுப்பியும் விட்டார். பயமாகத்தான் இருந்தது, ஆனாலும் பத்து வருஷத்தில் முதல் தடவையாகத் தன் கட்டுரை எழுதியபடியே படிக்கப்படப் போகிறது என்று அசட்டுத்தனமாக ஒரு சந்தோஷமும் இருந்தது.

ஒன்றரை மாதம் கழித்துத் திருத்திய கட்டுரை வந்தது. கூடவே எழுதியவர்களின் பதில். சுட்டிக்காட்டியதற்கு மிக்க நன்றி, அந்த மேற்கோளை நீக்கிவிட்டோம்.

நீக்கிவிட்டார்கள். சத்தியமாக நீக்கிவிட்டார்கள். நடுப்பக்கத்தில் அவர் பெயரைக் காணோம். ஆனால் "காதுக்குப் பாதுகாப்பானது" என்ற வரி மட்டும் அப்படியே, ஓர் எழுத்துக் குறையாமல் இருக்கிறது. ஆதாரமாக வேறு கட்டுரை. யாருடையது? பக்கத்து அறை முந்நூறுடையது. எலி டாக்டரின் பெயரைப் போட்டு, அவர் சொல்லாததைச் சொன்ன அதே தொகுப்பு.

அவர் மறுபடியும் எழுதினார். மேற்கோளைச் சொல்லவில்லை, வரியே தவறு என்று. சரிபார்த்த மற்ற இருவர் திருப்தி தெரிவித்துவிட்டார்கள், கட்டுரை ஏற்கப்பட்டது என்று இதழிலிருந்து பதில் வந்தது. கடைசியில் சரிபார்ப்புப் பணிக்கு நன்றி சொல்லி ஒரு சான்றிதழ் வேறு. அதைப் பார்த்ததும் அவர் வாயிலிருந்து ஒரு கெட்ட வார்த்தை வந்தது. கூண்டுகளைப் பார்த்துக்கொள்ளும் பெண்மணி திரும்பிப் பார்த்தார்.

அந்த ஆண்டும் கோட்டுக்குக் கீழேதான். யாருக்கும் ஆச்சரியம் இல்லை. எலிகள் முந்நூறின் பிரிவுக்குப் போயின. கூண்டுக்காரப் பெண்மணியை ஒப்பந்தம் முடிந்தது என்று அனுப்பிவிட்டார்கள். இவருக்கு அங்கேயே ஒரு மூலை மேசை, மூத்த ஆலோசகர் என்று ஒரு பெயர். முந்நூறு பெருந்தன்மையாக வரவேற்றார். "இனிமே நீங்க நிம்மதியா இருங்க மேடம். பேப்பர்ல உங்க பேரையும் நான் சேத்துடறேன்."

வழிகாட்டிக் கட்டுரை வெளியானது. முந்நூறின் மார்க் எகிறியது. மறுபடி கேக். ஒரு துண்டு மூலை மேசைக்கும் வந்தது. அதை அப்படியே தள்ளி வைத்துவிட்டு, கைபேசியை எடுத்துக் குழந்தைகள் மருத்துவமனை ஒன்றின் எண்ணைத் தேடி அழுத்தினார்.

"சொல்லுங்க, டோக்கனா?"

"இல்லம்மா. டாக்டர்கிட்ட ரெண்டு நிமிஷம் பேசணும். நான் எலிய வெச்சு ஆராய்ச்சி பண்றவ."

"எத வெச்சு?"

"எலிம்மா. குழந்தைங்களுக்குப் போடற ஒரு ஊசியப் பத்தி…"

"மருந்துக் கம்பெனி ரெப்பெல்லாம் சனிக்கிழமதான் பாப்பாரு." வைத்துவிட்டாள்.

இரண்டாவது மருத்துவமனையில், டாக்டர் வார்டில் இருக்கிறார், மெயில் அனுப்புங்கள் என்றார்கள். மெயிலா? பத்து வருஷமாக அதைத்தானே அனுப்பினார். மூன்றாவதில் எலி என்ற சொல்லைக் கேட்டதுமே, ராங் நம்பர் என்றார்கள்.

பின்னால் யாரோ முந்நூறின் கையைக் குலுக்கிக்கொண்டிருந்தார்கள். நாலாவது எண்ணை அழுத்தினார்.

"டோக்கன் வேணும்மா."

"யாருக்கு?"

"குழந்தைக்கு."

"என்ன வயசு?"

எலி டாக்டர் தொண்டையைச் செருமினார்.

"பொறந்து ஒம்பது நாள்."

"என்ன பண்ணுது?"

"காய்ச்சல். ஊசி போடணும்னு சொல்லிருக்காங்க."

"குழந்தை பேரு?"

"இன்னும் வைக்கலம்மா" என்றார். டாக்டரைப் பார்க்க அந்தப் பெண் சொன்ன நேரத்தை, மேசையில் காகிதம் இருந்தும், இடது உள்ளங்கையில் எழுதிக்கொண்டார்.