அசல்தானா என்று பார்க்கப் போனோம்

என் அக்கா பாளையங்கோட்டையில் ஒரு பள்ளியில் அறிவியல் ஆசிரியை. கிரகண நேரத்தில் சாப்பிடக்கூடாது என்று யாராவது சொன்னால், அவர்கள் முன்னாலேயே முறுக்கைக் கடிப்பவள். அவளையே ஒரு வாரம் தூங்கவிடாமல் செய்தது அத்தானின் கைப்பேசி.

அத்தான் பெயிண்டுக் கடை வைத்திருக்கிறார். மத்தியானம் ஆள் வராத நேரத்தில் வீடியோ பார்ப்பார். அதில் ஒன்று, அக்கா சிறுவயதிலிருந்தே உயிராக நினைக்கும் நடிகையைப் பற்றியது. அந்த நடிகை எப்போதோ செத்துப்போனாராம். சினிமாக்காரர்கள் அதை மறைத்துவிட்டு, அதே சாயலில் இன்னொருத்தியைப் பிடித்து நடிக்க வைக்கிறார்களாம். பழைய படத்தையும் புதிய படத்தையும் அருகருகே வைத்து, காதைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டிருந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை நான் சாப்பிடப் போயிருந்தபோது அத்தான் எனக்கும் அதைக் காட்டினார்.

"நல்லாப் பாரு. அன்னைக்குக் காது ஒட்டியிருக்கு, இன்னைக்குத் தொங்குது. மூக்க மாத்தலாம், காத எவன் மாத்துவான்?"

"வயசானா எல்லாருக்கும் தொங்கத்தான் செய்யும் அத்தான். கம்மல் கனம் வேற."

அக்கா என் பக்கம் பேசுவாள் என்று நினைத்தேன். அவளோ ரசத்தைப் பிசைந்தபடி, "சிரிப்பும் முன்ன மாதிரி இல்லட்டி" என்றாள். குரலில் துக்க வீட்டுச் சோகம்.

அந்த வாரமே வண்ணார்பேட்டையில் புது ஜவுளிக்கடை திறக்க அதே நடிகை வருவதாக ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்லிக்கொண்டு போனார்கள். அக்கா அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு என்னையும் இழுத்துக்கொண்டு டவுன் பஸ் ஏறினாள். பஸ்ஸில்தான் எனக்கு ஒரு பழைய கதையைச் சொன்னாள்.

எட்டாம் வகுப்புச் சுற்றுலாவில் பாபநாசம் போயிருக்கிறாள். படித்துறையில் படப்பிடிப்பு. நடிகை அப்போது புதுமுகம், சின்னப் பெண். படியில் இறங்கியவள் அலறிக்கொண்டு விழுந்து முழங்கையைச் சிராய்த்துக்கொண்டாள். பக்கத்தில் நின்ற அக்கா, தன் ஒரு சடையின் பச்சை ரிப்பனை அவிழ்த்துக் காயத்தில் கட்டிவிட்டிருக்கிறாள்.

"ரிப்பன் ஆத்தோட போச்சுன்னுல்லா அம்மைட்ட சொன்ன? அடி வேற வாங்குன!"

"படப்பிடிப்புப் பக்கம் போகக்கூடாதுன்னு டீச்சர் சொல்லியிருந்தாவ. உண்மையச் சொன்னா ரெண்டு அடி கூட விழும். அதான் இன்னைவரைக்கும் யார்ட்டயும் சொல்லல. அசலா இருந்தா அவளுக்குத் தெரியும்."

நடிகை இரண்டு மணி நேரம் தாமதமாக வந்தார். குத்துவிளக்கேற்றிவிட்டு மேடையில் மைக்கைப் பிடித்தார். கூட்டத்தை முழங்கையால் விலக்கி முன்னேறிய அக்கா, கடைசி பெஞ்சை அடக்கும் குரலை எடுத்தாள்.

"பாபநாசத்துல விழுந்தப்ப கையில என்ன கட்டுனாங்க?"

சுற்றி நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நடிகையின் கறுப்புச் சட்டைப் பாதுகாவலர் ஒருவர் எங்களை நோக்கி வந்தார். எனக்கு முந்தானையால் முகத்தை மூடிக்கொள்ளலாம் போலிருந்தது.

நடிகை நெற்றியைச் சுருக்கினார். "பாபநாசமா..." பிறகு வாயில் கையை வைத்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். "ஐயோ, அந்த மீன்! தண்ணியில கால வச்சதும் கடிச்சிருச்சு, பயந்து விழுந்துட்டேன். ஒரு ஸ்கூல் பொண்ணு ஓடி வந்து தலையிலிருந்த ரிப்பன அவுத்துக் கட்டிவிட்டா. பச்சை ரிப்பன்!"

"நாந்தான்! அது நாந்தான்!" அக்கா வகுப்பில் பதில் தெரிந்த பிள்ளைபோல் கையைத் தூக்கிக்கொண்டு குதித்தாள்.

நடிகை கையசைத்துக் கூப்பிட, கூட்டமே அவளை மேடைக்குத் தள்ளிவிட்டது. இரண்டு பேரும் கைகளைக் கோத்துக்கொண்டு என்னவோ பேசினார்கள். திரும்பி வந்தபோது அக்காவின் கண் நனைந்திருந்தது, வாயெல்லாம் சிரிப்பு.

"என்ன சொன்னாவ?"

"ரெட்டைச் சடை எங்கன்னு கேட்டா. ஏட்டி, பாசி வழுக்கலையாம், மீனு கடிச்சுதாம்! இத்தன வருசமா பாசின்னுல்லா நெனச்சேன்."

"காதப் பாத்தியா?"

"அட, மறந்தே போச்சு!"

சாயங்காலம் அத்தான் காபியைக் குடித்துக்கொண்டே முழுவதையும் கேட்டார். "அதெல்லாம் அவளுக்கு முன்கூட்டியே சொல்லிக் குடுத்திருப்பாவ."

"யாரு சொல்லிக் குடுப்பா? பெத்த அம்மைக்கே தெரியாத விசயம்!"

அத்தான் மிச்சக் காபியை ஒரே மடக்கில் குடித்தார். "அப்ப அசலுதான் போல" என்றார் அரை மனதாக. உடனே நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஆனா ஒரு கிரிக்கெட்காரன் இருக்கான் பாரு, அவன் விசயம் வேற..."

அக்கா அவர் கையிலிருந்து கைப்பேசியைப் பிடுங்கி, அந்த நடிகையின் புதுப் படத்துக்கு மூன்று டிக்கெட் போட்டாள்.

படம் சுமார்தான். இடைவேளைக்குப் பிறகு அத்தான் குறட்டை விட்டார். முடிந்த பிறகும் திரையில் பெயர்கள் ஓடி நிற்கும்வரை அக்கா எழுந்திருக்கவில்லை. நானும் அத்தானும் மிச்சப் பாப்கார்னைத் தின்றபடி வாசலில் காத்துக்கொண்டிருந்தோம்.