சோம்பேறிகள் என்று எழுதப்பட்ட படம்

நர்மதாவுக்குக் கோபம் சட்டென்று வராது என்று ராசிபுரத்தில் அவளைத் தெரிந்தவர்கள் சொல்வார்கள். வந்தால் லேசில் போகாது என்பதையும் சேர்த்தே சொல்வார்கள். தறிக்காரர் வீட்டுப் பெண். வரலாறு படிக்கப் போகிறேன் என்றபோது, கணக்குப் படித்தால் டியூஷனாவது எடுக்கலாமே என்று வீட்டில் மன்றாடிப் பார்த்தார்கள். அவள் அசையவில்லை. படித்து முடித்ததும் ஒரு தனியார் விடுதிப் பள்ளியில் வேலை கிடைத்தது. அங்கே வரலாற்றுப் பாடவேளையைக் கணக்கு வாத்தியார் கேட்காமலே எடுத்துக்கொள்வார். பிள்ளைகள் கைடைப் பார்த்து ஒப்பித்தால் போதும் என்பதுதான் நிர்வாகத்தின் கொள்கை. பல்லைக் கடித்துக்கொண்டு அங்கே காலம் தள்ளினாள். தேர்வெழுதி அரசு வேலை வாங்கி, புதுச்சத்திரத்துக்குப் பக்கத்தில் ஓர் உயர்நிலைப் பள்ளிக்கு வந்த பிறகுதான் நினைத்தபடி பாடம் நடத்த முடிந்தது.

பாடப்புத்தகம் ஒரு பத்தியில் சொல்லிவிட்டுப் போவதற்கு அவள் மூலத்தைத் தேடுவாள். அந்தக் காலத்துக் கடிதம், புகைப்படம், அதிகாரிகளின் அறிக்கை என்று எத்தனையோ நூலகங்கள் இணையத்தில் ஏற்றி வைத்திருக்கின்றன. யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பார்க்கலாம். அப்படித்தான் வெளிநாட்டு நூலகம் ஒன்றின் தொகுப்பில் அந்தப் படம் கிடைத்தது. வெள்ளைக்காரர் ஆட்சியில் வந்த தாது வருடப் பஞ்சத்தில் நிவாரண முகாமில் மண் சுமந்த பெண்கள்.

ஒன்பதாம் வகுப்பை ஸ்மார்ட் போர்டு அறைக்கு அழைத்துப்போய்ப் படத்தைப் போட்டாள். அடியில் இருந்த குறிப்பை மட்டும் மறைத்துவிட்டு, என்ன தெரிகிறது என்று கேட்டாள். விலா எலும்பு தெரிகிறது, கூடை காலியாகக் கிடக்கிறது, மடியில் இருக்கும் குழந்தை அழக்கூட இல்லை என்று ஆளுக்கொன்றாகச் சொன்னார்கள். ஷாலினி என்ற பெண் எழுந்தாள்.

"நெழலு காலுக்கடியிலயே கெடக்குதுங்க டீச்சர். உச்சி வெயில் நேரமுங்க."

அதற்குப் பிறகே நர்மதா மறைத்திருந்த குறிப்பைத் திறந்து தமிழில் சொன்னாள்: 'வேலை செய்யாமல் உட்கார்ந்திருக்கும் சோம்பேறிப் பெண்கள், சேலம் ஜில்லா.'

கடைசி பெஞ்சிலிருந்து ஒரு சிரிப்பு வந்தது. அன்று பள்ளி ஆய்வுக்கு வந்திருந்த அதிகாரி அங்கேதான் உட்கார்ந்திருந்தார்.

"இதுல என்னம்மா ஆராய்ச்சி? வெள்ளைக்காரன் நேர்ல பாத்துத்தானே எழுதியிருக்கான். இப்பவும் நூறு நாள் வேலைல இதுதானே நடக்குது? மரத்தடியில உக்காந்து ஊர்க்கதை பேசிட்டுச் சம்பளம் வாங்கறாங்க."

ஷாலினி மெல்ல உட்கார்ந்தாள். அவள் அம்மா ராமாயி அன்று காலையில்தான் மண்வெட்டியும் சோற்றுத் தூக்குப்போசியுமாக அதே நூறு நாள் வேலையில் ஏரி வெட்டப் போயிருந்தாள். வகுப்பில் பாதிப் பிள்ளைகளின் வீட்டிலும் அதே கதைதான். நர்மதாவுக்குக் காது மடல் கொதித்தது.

"ஐயா, அந்த வேலைக்குப் போறவங்களோட பிள்ளைங்கதான் இங்க உக்காந்திருக்காங்க. நீங்க சொன்னது அவங்க காதுல விழுந்துருச்சு."

அதிகாரி எழுந்து போய்விட்டார். பாடத்திட்டத்தில் இல்லாததை நடத்தி நேரத்தை வீணடித்தது ஏன் என்று விளக்கம் கேட்டு மெமோ வந்தது. ஸ்மார்ட் போர்டு இருந்த அறைக்குப் பூட்டு விழுந்தது. தலைமையாசிரியர் தீனதயாளன் கெட்டவர் இல்லை. எந்த வம்பும் இல்லாமல் ஓய்வு பெற்றுவிட வேண்டும், அவ்வளவுதான் அவருக்கு.

"மன்னிப்புக் கேட்டு ஒரு வரி எழுதிக் குடுத்துருங்க டீச்சர். அவரு மறந்துருவாரு."

"அவரு மறந்துருவாருங்க சார். பிள்ளைங்க மறக்க மாட்டாங்களே."

மன்னிப்புக் கடிதத்துக்குப் பதிலாக அவள் மறுபடி அந்தத் தொகுப்புக்குள் இறங்கினாள். படம் எடுத்தவன் சொன்னால் அதுதான் உண்மையா, அதே முகாமைப் பற்றி வேறு யாராவது எழுதியிருக்க மாட்டார்களா என்பதே கேள்வி. பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் போனில் பக்கம் பக்கமாகத் தள்ளிப் பார்த்தாள். கடைசியில் முகாம் மருத்துவரின் மாத அறிக்கை அகப்பட்டது. பெண்கள் கூடையோடு மயங்கி விழுகிறார்கள், கொடுக்கிற தானியம் உயிரைப் பிடித்துவைக்கக்கூடக் காணாது, ஆகையால் நடுப்பகலில் கட்டாயம் ஓய்வு கொடுக்கச் சொல்லியிருக்கிறேன் என்று அவர் எழுதியிருந்தார். மருத்துவர் உட்காரச் சொன்னதால் உட்கார்ந்தவர்களைத்தான் ஒருவன் படம் பிடித்துச் சோம்பேறிகள் என்று எழுதிவிட்டுப் போயிருக்கிறான்.

போர்டு இல்லாவிட்டால் என்ன? இரண்டையும் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு வந்து வேப்பமரத்தடியில் பிள்ளைகளுக்குக் கொடுத்தாள். அறிக்கையை வரிவரியாகத் தமிழில் சொல்லி முடித்தபோது ஷாலினியின் முகம் சிவந்திருந்தது. "செத்துப் போனவங்க வந்து இல்லைன்னு சொல்ல மாட்டாங்கன்னுதானுங்களே எழுதிட்டான்?" என்றாள்.

அந்தக் குறிப்பை நீக்கச் சொல்லி நூலகத்துக்கு வகுப்பே சேர்ந்து எழுதியது. நர்மதா ஆங்கிலமாக்கி அனுப்பினாள். சில வாரங்கள் கழித்து மரியாதையான பதில் வந்தது. பழைய குறிப்பும் வரலாறுதான், அதை அழிக்க இயலாது, ஆனால் மருத்துவரின் அறிக்கையைப் படத்துக்குக் கீழேயே இணைத்துவிட்டோம், மாணவர்களுக்கு நன்றி என்று இருந்தது. பிள்ளைகள் கைதட்டவில்லை. அழிக்க முடியாதாம், பார்த்தாயா என்று முணுமுணுத்தார்கள். நர்மதாவும் அவர்களைச் சமாதானப்படுத்தவில்லை. அவளுக்கும் ஆறவில்லை.

மெமோவுக்கான பதிலில் படம், அறிக்கை, நூலகத்தின் கடிதம் மூன்றையும் வைத்துப் பதிவுத் தபாலில் அனுப்பினாள். அதற்குப் பதிலே இல்லை.

அடுத்த பருவத்தில் அதே அதிகாரி வருகிறார் என்றதும், அன்று மட்டும் லீவு போட்டுக்கொள்ளும்படி தீனதயாளன் கெஞ்சாத குறையாகச் சொன்னார். அவள் போடவில்லை. இரண்டு தாள்களையும் மேசைமேல் வைத்துக்கொண்டு நின்றாள். கேட்டால் யார் எதைச் சொல்வது என்று பிள்ளைகள் தங்களுக்குள் பேசி வைத்திருந்தார்கள்.

அதிகாரி எட்டாம் வகுப்பைப் பார்த்தார். பத்தாம் வகுப்பைப் பார்த்தார். ஒன்பதாம் வகுப்பு வாசலை மட்டும் தலையைத் திருப்பாமல் கடந்து போய், டீ குடித்துவிட்டு ஜீப்பில் ஏறினார். ஜீப் கேட்டைத் தாண்டும் வரை வகுப்பில் ஒருவரும் உட்காரவில்லை.