எனக்கு மட்டும் கசந்த சாக்லேட் டீ

அந்த டப்பாவை வெள்ளைக்கார அம்மா என் கையில்தான் கொடுத்தார். எங்கள் ஷூ கம்பெனிக்கு ஆர்டர் தரும் வெளிநாட்டு பையரின் ஆள் அவர். அவ்வப்போது ஆம்பூருக்கு வந்து, கப்பலேறப்போகும் சரக்கைப் பார்த்துவிட்டுப் போவார். அந்த முறை பெண்கள் ஷூவில் ஒரு மாடல் சரியாக வரவில்லை. தோலின் ஓரத்தை மடித்து சொல்யூஷன் தடவி ஒட்டிய இடம், விரலால் தள்ளினாலே பிரிந்து வந்தது. மொத்தத்தையும் மறுபடி ஒட்டச் சொன்னார்கள். நானும் பக்கத்து ஸ்டூலில் உட்காரும் என் தோழியும் மூன்று நாள் தலை நிமிராமல் ஒட்டினோம். நான்காம் நாள் அந்த அம்மா வந்து பத்துப் பதினைந்து ஜோடிகளை எடுத்து விரலால் தள்ளிப் பார்த்தார். ஒன்றும் பிரியவில்லை. தன் பையிலிருந்து ஒரு தகர டப்பாவை எடுத்து என் கையில் வைத்து, எங்கள் இருவரையும் காட்டி ஏதோ சொன்னார்.

"சாக்லேட் டீயாம். உங்க ரெண்டு பேருக்குமாம்," என்றார் சூப்பர்வைசர்.

பதினேழு வருஷம் ஒட்டுகிற பேஸ்டிங் பிரிவில் உட்கார்ந்த எனக்குக் கம்பெனிக்கு வெளியிலிருந்து ஒருவர் பரிசு கொடுத்தது அதுதான் முதல்முறை. டப்பாவைப் புடவை மடிப்பில் மறைத்துக்கொண்டு கேண்டீனுக்குப் போனேன். எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

கேண்டீன்காரரிடம் வெறும் வெந்நீர் கேட்டோம். பால் ஊற்றாமல் அது என்ன டீ என்று அவர் சிரித்தார். தோழி மூடியைத் திறந்தாள். உள்ளே தூள் இல்லை. சுருண்ட கறுப்பு இலைகள், நடுநடுவே பழுப்பாகச் சின்னச் சின்னத் துணுக்குகள். அவள் மூக்கைக் கிட்டே கொண்டுபோனாள்.

"ஐயோ அக்கா! கிறிஸ்மஸ்க்கு கேக் அடுப்புல இருக்கறப்ப வீட்டுக்குள்ள நுழைஞ்ச மாதிரி இருக்குது!"

அவள் என்னைவிட இரண்டு வயது சின்னவள். கொஞ்சத்துக்கெல்லாம் குரல் உயர்த்துகிறவள். ஆகவே நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. டப்பா மேஜையைச் சுற்றி வந்தது. வாங்கிய ஒவ்வொருத்தியும் கண்ணை மூடினாள். ஒருத்தி இதைத் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டு தூங்கலாம் என்றாள். இன்னொருத்தி விடாமல் முகர்ந்துகொண்டே இருக்க, பக்கத்தில் இருந்தவள் பிடுங்கினாள். வெளிநாட்டுச் சாமான் என்றதும் இதுகள் எப்படி நடிக்கின்றன என்று நான் மனசுக்குள் நினைத்துக்கொண்டேன். அப்படி நினைத்தது நன்றாக ஞாபகம் இருக்கிறது.

கடைசியில் டப்பா என்னிடம் வந்தது. முகர்ந்தேன். காலி டம்ளரை முகர்ந்த மாதிரி இருந்தது. இன்னும் ஆழமாக இழுத்தேன். மூக்குக்குள் காற்று போனது தெரிந்தது. வேறொன்றும் தெரியவில்லை. கண்ணாடி டம்ளரில் ஊறியிருந்த டீயைக் குடித்தேன். சூடு. கசப்பு. நாக்கின் ஓரத்தைப் பிடிக்கிற துவர்ப்பு. அவ்வளவுதான்.

"எப்படிக்கா?"

"நல்லா இருக்குது."

"சாக்லேட் தெரியுதா?"

"தெரியுதே. தூக்கலாவே தெரியுது."

ஏன் பொய் சொன்னேன் என்று இன்றுவரை என்னால் சரியாகச் சொல்ல முடியவில்லை. அத்தனை பேர் முகமும் அந்த நிமிஷம் மலர்ந்திருந்தது. கொடுத்தது எனக்கு. எனக்கு மட்டும் ஒன்றும் கிடைக்கவில்லை என்று எப்படிச் சொல்வது? அதனால் இரண்டாவது டம்ளரும் கேட்டு வாங்கிக் குடித்தேன். தோழி அதைப் பார்த்துவிட்டு டப்பாவை என் பக்கம் தள்ளினாள்.

"நீயே வெச்சுக்கோக்கா. எங்க வூட்ல பால் இல்லாம ஒருத்தரும் குடிக்க மாட்டாங்க. உனக்குத்தான் இவ்ளோ புடிச்சிருக்குதே."

அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கியதும் முதல் வேலை என் மகள் வடிகட்டித் தரும் அந்த டீதான். டம்ளரை முகத்துக்குக் கிட்டே பிடித்து ஆவியை இழுப்பேன். சர்க்கரை போட்டுப் பார்த்தேன், இனிப்பு தெரிந்தது. போடாமல் பார்த்தேன், கசப்பு தெரிந்தது. சாக்லேட் மட்டும் வரவேயில்லை. ஜோலார்பேட்டையில் ரயில்வே ஒப்பந்த வேலை பார்க்கும் என் வீட்டுக்காரர் ஒருநாள் ஒரு வாய் குடித்துவிட்டு, "கஷாயம் மாதிரி இருக்குது, ஆனா வாசனை மட்டும் ஜோரா இருக்குது," என்று திருப்பித் தந்தார். அந்த மனுஷனுக்கே தெரிகிறது.

பிறகுதான் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. எங்கள் ஊருக்கு வரும் சொந்தக்காரர்கள் தோல் பதனிடும் ஷாப்புகளைத் தாண்டும்போது மூக்கைப் பொத்துவார்கள். எனக்கு அந்த நாற்றம் தெரிந்து எத்தனையோ காலமாகிறது, பழகிப்போச்சு என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். இங்கே எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள். பால் அடிப்பிடித்தால் மகள்தான் உள்ளறையிலிருந்து கத்துவாள். பஜாரில் பிரியாணிக் கடைகளைத் தாண்டி எத்தனை முறை நடந்திருப்பேன், திறந்த அண்டாவைப் பார்த்தால்தான் பசிக்கும். காரணம் கேட்டால் வயசாகிறது என்பேன்.

கடைசியாக எந்த வாசனை எனக்குத் தெரிந்தது என்று யோசித்துப் பார்த்தேன். சொல்ல முடியவில்லை. வாசனை போன நாளைக்கூட நான் கவனிக்கவில்லை.

மகள் அப்போது வாணியம்பாடியில் கல்லூரிக் கடைசி வருஷம், தினமும் போய்வருவாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் டம்ளரோடு வாசற்படியில் உட்கார்ந்திருந்தபோது பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"எப்படிம்மா இருக்குது இன்னைக்கு?"

"இன்னைக்கு வாசனை நல்லா எறங்கியிருக்குது."

அவள் என்னையே பார்த்தாள். பிறகு டம்ளரை என் கையிலிருந்து வாங்கிக் கீழே வைத்தாள்.

"அம்மா, அந்த டீ புதன்கிழமையே தீர்ந்துபோச்சு. நீ ஆசையா குடிக்கறியேன்னு நம்ம கடைத் தூளத்தான் வடிகட்டிக் குடுத்தேன். மொத நாளே நீ கண்டுபுடிச்சுத் திட்டுவேன்னு நெனச்சேன். நாலு நாளா நல்லா இருக்குது, நல்லா இருக்குதுன்னு சொல்றியேம்மா."

அவள் எழுந்து உள்ளே போய், தலைவலித் தைலமும் மண்ணெண்ணெயும் கொண்டுவந்து, என் கண்ணைப் பொத்தி ஒவ்வொன்றாக மூக்கின்கீழ் காட்டினாள். தைலம் மட்டும் கொஞ்சம் எரிச்சலாகத் தெரிந்தது. மண்ணெண்ணெய் எப்போது வந்தது, எப்போது போனது என்றே தெரியவில்லை. அவள் கையை எடுத்தபோது அழுதுகொண்டிருந்தாள். எனக்கு அழுகை வரவில்லை. மாட்டிக்கொண்டோமே என்ற வெட்கம்தான் வந்தது.

வேலூருக்குப் போனோம். டாக்டரம்மா நிதானமானவர். வாசனை தோய்த்த குச்சிகளை ஒவ்வொன்றாகக் கொடுத்து முகரச் சொன்னார். தெரிந்தால் பேர் சொல்லுங்கள், தெரியாவிட்டால் ஊகித்துச் சொல்லுங்கள் என்றார். நான் ஊகித்ததில் ஒன்றிரண்டுதான் சரி. எங்கே வேலை என்று கேட்டார். சொன்னேன். ஜன்னல் இருக்கிறதா, மாஸ்க் தருகிறார்களா, சொல்யூஷன் டப்பா திறந்தே இருக்குமா என்றெல்லாம் கேட்டு எழுதிக்கொண்டார். கொரோனா காலத்தில் காய்ச்சல் வந்ததா என்றும் கேட்டார். வந்தது. தெருவில் பாதிப் பேருக்கு வந்தது.

"அதுவா இருக்கலாம், இதுவா இருக்கலாம், ரெண்டுமாவும் இருக்கலாம். இதாலதான்னு நான் எழுதித் தர முடியாதும்மா. ஆனா அந்த எடத்துல இனிமே உட்காராதீங்க."

திரும்பி வருமா என்று மகள் கேட்டாள். இத்தனை நாளுக்குப் பிறகு ரொம்ப எதிர்பார்க்க வேண்டாம் என்றார்.

அந்த இடத்தில் உட்காரக் கூடாதென்று டாக்டரம்மா எழுதிய சீட்டை எடுத்துக்கொண்டு ஹெச்.ஆர். அறைக்குப் போனேன். அங்கே இருந்த சார் படித்துப் பார்த்து, ரொம்ப அன்பாகத்தான் பேசினார். "கொரோனாம்மா இது. எங்க மாமியாருக்கும் இதேதான், இன்னும் சரியாவல. நீங்க இன்னாத்துக்குக் கம்பெனிய இழுக்கறீங்க?" நான் கம்பெனியை இழுக்கவில்லை, இடம்தான் மாற்றிக் கேட்டேன் என்றேன். பார்க்கலாம் என்றார். பார்க்கிறதிலேயே இரண்டு மாதம் போனது. நான் அதே ஸ்டூலில், அதே சொல்யூஷன் டப்பாவுக்கு முன்னால்.

தோழியிடம் எல்லாவற்றையும் சொல்லியிருந்தேன். கேண்டீனில் பொய் சொன்னதைக்கூட. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்கிட்ட சொல்லக் கூடாதாக்கா?" என்று கண் கலங்கினாள். எனக்காக ஜெபம் செய்வதாகச் சொன்னாள். செய்தும் இருப்பாள். அவள் அப்படிப்பட்டவள்தான்.

அப்புறம் ஆடிட் வந்தது. பையர் சார்பில் ஆட்கள் வந்து கம்பெனி எப்படி நடக்கிறது என்று பார்ப்பார்கள், தொழிலாளிகள் சிலரைத் தனியாகக் கூப்பிட்டு விசாரிப்பார்கள். அன்று காலையில் எல்லா மேஜைக்கும் புது மாஸ்க், கையுறை வந்துவிடும். யாரை விசாரிப்பது என்று அவர்கள்தான் தேர்வு செய்ய வேண்டும். ஆனால் எங்கள் பக்கம் சூப்பர்வைசர்தான் ஆள் காட்டினார். நான் ஹெச்.ஆர். அறைக்குப் போனது தெரியாமல், பழைய ஆட்கள், பக்குவமாகப் பேசுவார்கள் என்று என்னையும் தோழியையும் அனுப்பினார்.

கண்ணாடி போட்ட இளைஞர் ஒருவர் எங்கள் இருவரையும் ஒன்றாகவே உட்கார வைத்தார். சென்னைக்காரர். பெயர் வெளியே போகாது, தைரியமாகச் சொல்லுங்கள் என்றார். மாஸ்க் ஒழுங்காகத் தருகிறார்களா என்று கேட்டார்.

"எல்லாம் தர்றாங்க சார். மாஸ்க், கிளவுஸ், எல்லாமே டெய்லி," என்றாள் தோழி.

"இன்னைக்குக் காலையிலதான் சார் குடுத்தாங்க," என்றேன் நான். "இதுக்கு முன்னால போன ஆடிட்டுக்குக் குடுத்தது. எனக்கு மூக்குல வாசனையே போய்டுச்சு சார். டாக்டர் சீட்டு இருக்குது."

அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார். "அப்படியாம்மா?"

அவள் என்னைப் பார்க்கவில்லை. மேஜையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "அக்காவுக்குக் கொரோனாவுக்கு அப்புறம் கொஞ்சம் மறதி சார். ஒடம்பு ஒரே பேஜார். பாவம், தெரியாம சொல்றாங்க."

அந்தக் குரலில் பரிவு இருந்தது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். அந்த இளைஞர் தலையாட்டிவிட்டு ஏதோ எழுதினார். என்ன எழுதினார் என்று எனக்குத் தெரியாது.

வெளியே வந்ததும் நடைவழியில் அவளை நிறுத்தினேன்.

"எனக்கு மறதியாடி?"

"நான் இன்னா பண்றதுக்கா? ஒட்டினத சரிபாக்கற லைன் செக்கர் போஸ்ட் எனக்குத்தான்னு சொல்லியிருக்காங்க. அந்தாளுகிட்ட சொல்லி உன் மூக்கு திரும்ப வந்துடப் போவுதா? ஆர்டர் போச்சுன்னா லைனே போய்டும். உனக்குப் போனது போச்சு. எனக்கு வேலை வேணும்ல?"

அவள் சொன்னதில் பொய் இல்லை. அதுவே இன்னும் கசந்தது. நான் போய் உட்கார்ந்து, அன்றைய மீதி வேலையைச் செய்து முடித்தேன்.

அடுத்த வாரம் என்னைப் பேக்கிங்குக்கு மாற்றினார்கள். மருத்துவ ஆலோசனையின் பேரில், தொழிலாளியின் நலன் கருதி என்று தாளில் இருந்தது. நான் கேட்டதைத்தான் கொடுத்தார்கள், ஆனால் ஆடிட்டில் வாய் திறந்ததற்காகத்தான் கொடுத்தார்கள் என்று லைன் முழுக்கத் தெரியும். என்னோடு யாரும் அதிகம் பேசவில்லை. என் ஸ்டூல் காலியானதால் என் வேலையையும் சேர்த்துத் தோழியிடமே கொடுத்தார்கள். செக்கர் போஸ்டுக்கு வேறு யூனிட்டிலிருந்து ஒரு பெண் வந்தாள்.

பேக்கிங்கில் வேலை சுலபம். ஷூவுக்குள் காகிதம் சுருட்டி வைத்து, ஈரம் உறிஞ்சும் பொட்டலம் ஒன்று போட்டு, பெட்டியை மூட வேண்டும். அங்கே இருக்கிற பெண்கள் புதுத் தோலின் வாசனை பிடிக்கும் என்கிறார்கள். நானும் பிடிக்கும் என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

தோழியும் நானும் ஏழெட்டு மாதம் பேசிக்கொள்ளவில்லை. ஒரே கம்பெனி பஸ், நான் முன் சீட்டில், அவள் பின்னால். அவள் வீட்டில் ஒரு கல்யாணம் நடந்தது, எனக்குப் பத்திரிகை வரவில்லை. எங்கள் வீட்டில் நடந்த நாத்தனார் மகளின் மஞ்சள் நீராட்டுக்கு நானும் அவளைக் கூப்பிடவில்லை.

போன மாதம் ஒரு காலையில் பஸ் நிற்கிற இடத்தில் அவளே என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அக்கா, உனக்கு ஆரம்பத்துல எப்படி இருந்துச்சு?"

நான் திரும்பிப் பார்த்தேன். முகம் வற்றிப் போயிருந்தது.

"இன்னா எப்படி?"

"நேத்து எங்க வூட்ல கருவாடு வறுத்தாங்க. பக்கத்து வூட்டுக்காரங்க வந்து நாத்தம் தாங்கலன்னு சண்ட போட்டாங்க. நான் அடுப்புகிட்டயேதான் நின்னுகினு இருந்தேன். எனக்கு ஒண்ணுமே தெரியலக்கா."

உண்மையைச் சொல்ல வேண்டுமானால், எனக்கு முதலில் வந்தது ஒரு திருப்தி. உனக்கும் வந்ததா, இப்போது சொல், யாருக்கு மறதி? அது நெஞ்சில் இருந்தது ஒரு நொடியோ இரண்டு நொடியோதான். ஆனால் இருந்தது. பிறகு அதன்மேல் வெட்கம் வந்தது. அவள் பக்கத்தில் நின்றுகொண்டு டிரைவரிடம் ஏறவில்லை என்று கையசைத்தேன். கம்பெனி பஸ் போய்விட்டது.

"அந்தச் சீட்டு எல்லாம் பத்திரமா இருக்குது. அதே டாக்டரம்மாகிட்ட போவலாம்," என்றேன்.

வேலூர் பஸ்ஸில் அவள் ஜன்னல் பக்கம் உட்கார்ந்தாள். பள்ளிகொண்டா தாண்டியது. அதற்கப்புறம் அவள், வெளியே பார்த்தபடியே, மெதுவாகக் கேட்டாள்.

"கம்பெனில கொரோனான்னு சொல்லிடுவாங்களாக்கா?"

"சொல்லுவாங்க," என்றேன்.