ஒன்பதாவது பாட்டு

டாக்டர் லாடி கூபிசெக் கடைவாய்ப் பல்லைக் குடைந்துகொண்டே "பூம்… பா… பூம்… பா" என்று அடித்தொண்டையில் பாடினால் நெப்ராஸ்கா மாநிலத்தில் பாதி வீடுகளின் ஜன்னல் கண்ணாடி அதிரும். சரி, பாதி மாநிலம் என்பது கொஞ்சம் அதிகம்தான். அவருடைய பல் மருத்துவமனை இருக்கும் தெருவில், கிழக்குப் பக்கத்து வீடுகளில் மட்டும் அதிரும். ஆனால் நாற்காலியில் மல்லாந்து கிடப்பவரின் பல் வரிசை முழுவதும் அதிரும் என்பதற்கு நானே சாட்சி. என் வாய்க்குள் இருக்கும் வேலைப்பாடு அத்தனையும் அவர் கைவண்ணம்.

ஆறடிக்கு மேல் உயரம். டூபா என்கிற அந்தப் பெரிய பித்தளை வாத்தியத்தை ஆண்டுக்கணக்கில் மடியில் வைத்து அணைத்து அணைத்து, வெறும் கையோடு உட்காரும்போதும் எதையோ கட்டிப்பிடித்திருப்பவர் போலவே உட்காருவார். வெள்ளைக் கோட்டின் பையில் டூபாவின் ஊதுவாய் எப்போதும் இருக்கும். ஒரு நோயாளி போய் அடுத்தவர் வருவதற்குள் அதை எடுத்து உதட்டில் வைத்து வாத்து கத்துவது போல நாலு ஊது ஊதுவார். உதட்டுக்குத் தேகப்பயிற்சியாம். கூடைப்பந்துப் பருவம் தொடங்கிவிட்டால் காரமான எதையும் தொடமாட்டார். அரங்கில் எல்லோரும் சில்லி என்கிற காரமான இறைச்சி பீன்ஸ் குழம்பையும் இலவங்கப்பட்டை ரொட்டிச் சுருளையும் சேர்த்து வாங்கினால், இவர் மட்டும் சுருளை வாங்கிக்கொண்டு சில்லியின் வாசனையை மோந்து பார்த்துவிட்டு வருவார்.

எங்கள் பிளம் ஃபோர்க் கல்லூரியில் மாணவர்கள் குறைவு. போட்டியின்போது வாசிக்கும் வாத்தியக் கோஷ்டிக்கு ஆள் போதாமல் ஊர்க்காரர்களையும் சேர்த்துக்கொள்வார்கள். நான் சிம்பல் தட்டுகிறேன். டாக்டரின் உதவியாளர் நாடீன் பகலில் எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடிப்பாள், போட்டி நாளில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து பெரிய டிரம்மை அடிப்பாள். இரண்டு இடத்திலும் அவருக்கு அடங்கமாட்டாள்.

எட்டுக் கல்லூரிகள் சேர்ந்தது எங்கள் விளையாட்டுக் கூட்டமைப்பு. அதில் ஒரு நல்ல பழக்கம் உண்டு. வெளியூர் அணி அரங்குக்குள் ஓடி வரும்போது, உள்ளூர்க் கோஷ்டி அவர்களுடைய பாட்டை வாசித்துத்தான் வரவேற்க வேண்டும். அப்புறம்தான் நம் பாட்டு. ஆக, எல்லோரும் எட்டுப் பாட்டு கற்றிருக்க வேண்டும். லாடிக்கு எட்டும் தூக்கத்தில்கூட வரும். ஸ்வரம் எழுதிய தாளைப் பார்த்து ஊதுகிறவர்களை அவர் மனிதராகவே மதிப்பதில்லை.

இந்த நிலையில்தான் கோல்டர் கல்லூரி ஒன்பதாவதாக உள்ளே வரவேண்டும் என்று கேட்டது. மேற்கே ஆறு மணி நேரப் பயணம். முன்பு நர்ஸ் படிப்பு மட்டும் இருந்த இடம். விளையாட்டு அணிகள் வந்து நாலைந்து ஆண்டுதான் ஆகிறது. சேர்க்கலாமா வேண்டாமா என்று எட்டுக் கல்லூரித் தலைவர்களும் கூடி வாக்களிப்பதாக ஏற்பாடு.

லாடி அன்றைக்கே பிரசாரத்தைத் தொடங்கிவிட்டார். அவரைப் போல வசதியான பிரசாரகர் உலகத்தில் கிடையாது. கேட்கிறவர் எழுந்து போகவும் முடியாது, எதிர்த்துப் பேசவும் முடியாது.

"எட்டுன்னா எட்டு," என்பார், தீவனக்கடை டுவெய்னின் வாய்க்குள் கண்ணாடியை விட்டபடி. "ஒவ்வொருத்தனோடவும் ரெண்டு தடவை ஆடலாம். கணக்கு நேரா இருக்கு. ஒம்பது ஆச்சுன்னா வாரத்துக்கு ஒருத்தன் சும்மா உக்காரணும். அதுக்காகப் பத்தாவதா ஒருத்தனைத் தேடுவாங்க. அப்புறம் அலாஸ்கா வரைக்கும் போவாங்க. நான் சொல்றது சரிதானே டுவெய்ன்?"

"ஆ… ஆ…"

"பாத்தியா நாடீன், இவனும் நம்ம கட்சி."

"வாய்ல இருக்கிற பஞ்சை எடுத்துட்டுக் கேளுங்க டாக்டர். அப்பத் தெரியும் எந்தக் கட்சின்னு."

"நீ குழாயைப் பிடி."

"பிடிக்கிறேன். உண்மையான காரணத்தையும் அவர்கிட்டச் சொல்லுங்களேன். ஒம்பதாவது பாட்டு கத்துக்க உங்களுக்குச் சோம்பல்."

"சோம்பல் இல்லம்மா. என் உதட்டுல எட்டுப் பாட்டுக்குத்தான் எடம் இருக்கு. ஒண்ணை உள்ள விட்டா ஒண்ணு வெளிய விழுந்துடும்."

அந்த வாரம் எங்கள் கல்லூரித் தலைவர் ஐலீன் டோபின், பொரியாத பாப்கார்ன் மணி ஒன்றைக் கடித்துப் பல்லை உடைத்துக்கொண்டு வந்தார். லாடி அதைக் கடவுள் அனுப்பிய பாப்கார்ன் என்றே நினைத்தார். ஊசியைப் போட்டு, வாயைத் திறக்கச் சொல்லி, பல்லைக் குடைந்து தற்காலிக கேப் மாட்டி முடிக்கிற வரைக்கும் ஒரே சொற்பொழிவு. ஆறு மணி நேரம் பஸ்ஸில் போய் ஆறு மணி நேரம் திரும்பினால் பிள்ளைகள் என்ன ஆவார்கள்? செவ்வாய்க்கிழமை போட்டி என்றால் புதன்கிழமை வகுப்பில் குறட்டைதான் கேட்கும். உயிரியல் வாத்தியார் தவளையை அறுக்கிறாரா, தூங்குகிற பிள்ளையை அறுக்கிறாரா என்றே தெரியாது. ஐலீன் டோபின் கண்ணை மட்டும் உருட்டினார். அதை லாடி சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்.

எதிர்ப்புக்கு இன்னும் கொஞ்சம் ஆதாரம் தேவைப்பட்டது. கோல்டரின் பாட்டை வாங்கி ஊதிப் பார்த்து, எவ்வளவு மட்டம் என்று ஊருக்குக் காட்டிவிடலாம் என்று அந்தக் கல்லூரிக்கு ஃபோன் போட்டார். எடுத்தவர் விளையாட்டுத் துறையைப் பார்த்துக்கொள்ளும் மரிசெலா.

"பாட்டா? எங்களுக்குப் பாட்டு கிடையாதுங்க," என்றார்.

"கிடையாதுன்னா? அப்ப உங்க பசங்க எதைக் கேட்டு உள்ள ஓடி வருவாங்க?"

"கதவு தெறக்குற சத்தத்தைக் கேட்டுத்தான்."

லாடி ஃபோனை வைத்துவிட்டு நெடுநேரம் ஊதுவாயைக்கூடத் தொடாமல் நின்றார். அன்று முழுவதும் வந்த நோயாளிகளுக்கெல்லாம் இதுதான் பேச்சு. "பாட்டு இல்லாத காலேஜுங்க! ஒரு பாட்டுகூட இல்லையாம்!" ஜனவரி மாதக் குளிரில் கோட்டு இல்லாமல் பள்ளிக்கு அனுப்பப்பட்ட பிள்ளையைப் பற்றிப் பேசுகிறவரின் குரல் அது. திட்டுவது போல ஆரம்பித்து, சாயங்காலத்துக்குள் வேறு மாதிரி ஆகிவிட்டது.

மறுவாரம் என் பல்லைச் சுத்தம் செய்யப் போனேன். மிஷின் ஓடியது, அவர் தொண்டையும் ஓடியது. ஆனால் வந்த மெட்டு எங்கள் எட்டுப் பாட்டில் எதுவும் இல்லை. துள்ளலாக ஏறி, நடுவில் நின்று மூச்சு வாங்கி, குதிரை வேலியைத் தாண்டுவது போலத் தாண்டியது. நாடீனும் காதைத் தீட்டிக்கொண்டிருந்தாள்.

"டாக்டர், இது எந்தக் காலேஜ் பாட்டு?"

"எதுவும் இல்ல. சும்மா வாய்ல வருது."

"சும்மா வர்றதுக்கு எதுக்கு ரெண்டாம் பாகம்?"

லாடி என்னைக் கொப்பளிக்கச் சொன்னார்.

பத்து நாளில் பாட்டு முடிந்தது. மதிய இடைவேளையில், எக்ஸ்ரே எடுக்கும் அறையில் டூபாவை மடியில் வைத்துக்கொண்டு, நாடீன் ஃபோனைத் தூக்கிப் பிடிக்க, கோல்டருக்கு ஊதிக் காட்டினார். முடித்தபோது அந்தப் பக்கம் சத்தமே இல்லை. தொடர்பு அறுந்துவிட்டதோ என்று நாடீன் ஃபோனைத் தட்டினாள். மரிசெலாவின் குரல் மெதுவாக வந்தது.

"இன்னொரு தடவை ஊதுறீங்களா? பசங்களைக் கூப்பிடுறேன்."

இன்னொரு தடவை ஊதினார். அங்கே யாரோ தரையில் பந்தைத் தாளத்துக்குத் தட்டுகிற சத்தம் கேட்டது.

"உங்களுக்கே கொடுத்துட்டேன். வச்சுக்கோங்க," என்றார் லாடி.

"வச்சுக்கிட்டு என்ன செய்றது டாக்டர்? இங்க ஊத ஒரு ஆள் கிடையாது. உங்க கூட்டமைப்புல சேத்துக்கிட்டா, போற ஊர்ல எல்லாம் எங்க பசங்க இதைக் கேப்பாங்க. சேத்துக்கலைன்னா இன்னைக்கு ஃபோன்ல கேட்டதோட சரி."

லாடி டூபாவை இறக்கி வைத்தார். ஆறு கை உயர்ந்தால் கோல்டர் உள்ளே வரும். ஐந்து தலைவர்கள் சரி என்றும், இரண்டு பேர் மாட்டோம் என்றும் சொல்லிவிட்டது ஊருக்கே தெரியும். மிச்சம் ஒரே ஒரு கை, ஐலீன் டோபினுடையது. அந்தக் கையை மடக்கி வைத்தவர் இவரேதான்.

நல்ல வேளையாக ஐலீனுக்கு நிரந்தர கேப் மாட்ட வேண்டியிருந்தது. அவர் வந்து படுத்து, ஊசி ஏறி, பஞ்சு உள்ளே போனதும் லாடி தொண்டையைச் செருமினார்.

"ஐலீன், யோசிச்சுப் பாத்தா ஆறு மணி நேரம் ஒரு தூரமே இல்லை. பஸ்ல உக்காந்து பசங்க படிப்பாங்க. வேற என்ன வேலை? ரெண்டு பக்கமும் சோளக்காடு, வேடிக்கை பாக்கவும் ஒண்ணும் இல்ல. ஒம்பதுன்னா வாரம் ஒரு அணிக்கு ஓய்வு. ஓய்வு நல்லதுதானே? முட்டி தேறும்."

ஐலீன் கையை உயர்த்தினார். லாடி கவனிக்காத மாதிரி இருந்தார். ஐலீன் அவர் மணிக்கட்டைப் பிடித்து அப்பால் நகர்த்திவிட்டு, பஞ்சைத் தானே எடுத்துப் போட்டுவிட்டு எழுந்து உட்கார்ந்தார்.

"லாடி, போன தடவை இதே நாற்காலில என்னைப் படுக்க வச்சு, ஆகவே ஆகாதுன்னு சொன்னீங்க. நான் போய் மத்த தலைவர்கள்கிட்ட அதை அப்படியே சொல்லிட்டேன். தவளை உட்பட."

"அது… அன்னைக்கு ஊசி உங்களுக்குச் சரியாப் பிடிக்கலை. அந்த வலில ஏதோ மாத்திக் கேட்டிருப்பீங்க."

"ஊசியை வாய்லதான் போட்டீங்க டாக்டர், காதுல இல்ல," என்றாள் நாடீன்.

லாடியின் கழுத்து சிவந்தது. பிறகு எல்லாவற்றையும் சொன்னார். பாட்டு இல்லாத கல்லூரி, கதவு திறக்கிற சத்தம், ஃபோனில் கேட்ட பந்து. சொல்லி முடித்து, கேட்காமலே டூபாவைத் தூக்கி வந்து கல்லூரித் தலைவரின் காலடியில் உட்கார்ந்து ஊதினார். வெளியே காத்திருந்த நாங்கள் கதவில் வந்து மொய்த்தோம். டுவெய்ன் கதவு நிலையை விரலால் தட்டினான். ஐலீன் டோபினின் வாய் ஒரு பக்கமாகக் கோணியிருந்ததால் அவர் சிரித்தாரா, மரத்துப்போயிருந்ததா என்று யாராலும் சொல்ல முடியவில்லை. ஆனால் அவருடைய வலது காலணி ஆடியதை எல்லோரும் பார்த்தோம்.

"பாட்டுக்காக ஓட்டுப் போட முடியாது லாடி," என்றார் கடைசியில், பாதி வாயால். "நம்ம எட்டுல ரெண்டு காலேஜ் ஆள் சேராம திணறிக்கிட்டு இருக்கு. அவங்க மூடிட்டா நாம யாரோட ஆடுறது? அந்தக் கவலை எனக்கு முதல்லேருந்தே இருக்கு. பயணம் ஒண்ணுதான் உறுத்திச்சு. நீங்கதான் அதை ஊதிப் பெருசாக்கினீங்க. வெள்ளி, சனி மட்டும் அவங்களோட ஆட்டம் வச்சா யாரும் வகுப்புல தூங்க வேண்டியதில்ல."

"அப்பப் பாட்டு?"

"நல்லாத்தான் இருக்கு. ரெண்டாம் பாகம் கொஞ்சம் நீளம்."

லாடி அன்று மாலை வரை அந்த 'நீளம்' என்ற சொல்லைத் தவிர வேறு எதையும் பேசவில்லை. கோல்டர் உள்ளே வரப்போகிறது என்பதை மறந்தே போனார். இரண்டாம் பாகத்தில்தான் மற்ற வாத்தியங்கள் எல்லாம் ஓய்ந்து டூபா மட்டும் தனியாக வாசிக்கும்.

ஆறாவது கை உயர்ந்தது. அடுத்த குளிர்காலத்தில் கோல்டரின் பெண்கள் அணி முதல்முறையாக எங்கள் அரங்குக்கு வந்தது. நுழையும்போது வாசிப்பது முதல் பாகம் மட்டும். முழுப்பாட்டும் வேண்டுமென்றால் அந்த அணி ஜெயிக்க வேண்டும். எங்கள் வழக்கம் அப்படி. அந்தப் பெண்கள் தங்கள் பாட்டைக் கேட்டதும் ஓடுவதை விட்டுவிட்டு நின்று எங்களைப் பார்த்தார்கள். அவர்களுடைய பயிற்சியாளர் பின்னாலிருந்து தள்ளித்தான் உள்ளே அனுப்ப வேண்டியிருந்தது.

ஆட்டம் கடைசிவரை இழுபறி. நாங்கள் ஒரு புள்ளி முன்னால் இருந்தோம், கடிகாரத்தில் சில நொடிகளே மிச்சம். கோல்டரின் குட்டையான பெண் ஒருத்தி அரங்கின் நடுவிலிருந்து பந்தை வீசினாள். அது காற்றிலேயே ஒரு நிமிடம் நின்று யோசித்துவிட்டு வளையத்துக்குள் விழுந்தது. எங்கள் பக்கம் அப்படியே உறைந்துபோனது. பிளம் ஃபோர்க்குக்காக ஆயுள் முழுவதும் ஊதிய லாடி இடிந்துபோனார். டூபாவைத் தூக்கக் கை எழவில்லை. நாங்கள் நாலு பேர் முதுகில் தட்டி ஆறுதல் சொன்ன பிறகு, வழக்கத்தை மீறக் கூடாதே என்று, கண்ணைத் துடைத்துக்கொண்டு டூபா தனியாக வாசிக்கும் இரண்டாம் பாகம் உட்பட முழுப்பாட்டையும் ஊதி முடித்தார்.

இதுவரை எழுதியதை நேற்று மருத்துவமனையில் நாடீனிடம் படித்துக் காட்டினேன். கருவிகளைத் துடைத்துக்கொண்டே கேட்டவள், இந்த இடம் வந்ததும் துணியைக் கீழே போட்டாள்.

"யாரு முதுகுல தட்டினது? யாரு கண்ணைத் துடைச்சது? பக்கத்துல உக்காந்திருந்தவ நான். அந்தப் பொண்ணு கையை விட்டுப் பந்து கிளம்பினப்பவே டாக்டர் டூபாவைத் தூக்கி, உதட்டை ஈரம் பண்ணி, மூச்சை இழுத்துப் பிடிச்சுட்டாரு. பந்து அப்ப வளையத்துக்குப் பக்கத்துலகூடப் போகலை."