பாலத்தில் உட்கார்ந்தவர்

எங்கள் அத்தான், அதாவது அக்காவின் கணவர், ஆஸ்பத்திரியில் ஈசிஜி எடுப்பவர். மார்பில் ஜெல்லைத் தடவி, ஒயர்களை ஒட்டி, பயப்பட ஒன்றுமில்லை என்று நாளெல்லாம் பிறருக்குத் தைரியம் சொல்வதுதான் அவர் பிழைப்பு. தனக்குச் சொல்ல மட்டும் ஆளில்லை. காலையில் முதல் நோயாளி வருவதற்குள் கதவைச் சாத்திக்கொண்டு தனக்குத் தானே ஓர் ஈசிஜி எடுத்துப் பார்ப்பார். மற்றவர்கள் கண்ணாடியில் முகம் பார்ப்பது போல. அக்காவுக்கு இது தெரிந்த அன்று வீடு ரெண்டுபட்டது.

காரணம் இல்லாமல் இல்லை. அவருடைய அப்பா கடைக்குப் போய்விட்டு வந்து, கொஞ்சம் உட்கார்ந்துவிட்டு வருகிறேன் என்று மாடிப்படியில் உட்கார்ந்தார். எழுந்திருக்கவே இல்லை. அத்தானுக்கு இப்போது அதே வயது. டாக்டர் எல்லாப் பரிசோதனையும் செய்துவிட்டு, குத்துக்கல் மாதிரி இருக்கிறீர்கள், தாராளமாக ஓடுங்கள் என்றார். மாரத்தான் ஓடக் கிளம்பியதே அந்த வயதைத் தாண்டிக் காட்டும் வீம்பில்தான்.

ஆனால் பந்தய வழியில் ஆற்றுப்பாலத்து ஏற்றம் வந்தால் போதும், முகம் வெளுத்துவிடும். மார்பில் கட்டிய பட்டை இதயத்துடிப்பைக் கைக்கடிகாரத்துக்கு அனுப்பும். அந்த எண்ணைப் பார்ப்பார், பயப்படுவார், பயத்தில் எண் ஏறும், ஏறியதைப் பார்த்து இன்னும் பயப்படுவார். இரண்டு பந்தயங்களில் அங்கிருந்தே வண்டி பிடித்து வீட்டுக்கு வந்துவிட்டார். சைக்கிளில் துணைக்குப் போன எனக்குத்தான் மானம் போனது.

மூன்றாவது பந்தயத்துக்குக் கிளம்பும்போது, இந்தத் தடவையும் பாதியில் திரும்பினால் ஷூவை யாருக்காவது கொடுத்துவிடுவேன், இனி ஓட்டமே இல்லை என்றார். அக்கா தண்ணீர் பாட்டிலை என் சைக்கிளில் மாட்டினாள். ஆள் முழுசாக வீடு வந்து சேர்ந்தால் போதும் அவளுக்கு.

அன்றும் பாலத்தின் நடுவில் அத்தான் கைப்பிடிக் கம்பியைப் பற்றிக்கொண்டு நின்றுவிட்டார். கடிகாரத்தில் எண் தாறுமாறாகக் குதித்தது. அதுவரை கேலி செய்துகொண்டு வந்த நான் சைக்கிளைச் சாய்த்துவிட்டு அவரிடம் ஓடினேன்.

"உக்காருங்க அத்தான். நான் ஆம்புலன்ஸைக் கூப்பிடறேன்."

"உக்கார மாட்டேன். உக்காந்தா அவ்வளவுதான்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இந்த மனுஷன் வெளியில் எங்கும் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. ஷூ மாட்டுவதுகூட நின்றபடிதான்.

வலிக்கிறதா என்று கேட்டேன். வலி இல்லை, மூச்சும் சரியாக வருகிறது, எண்தான் இப்படி என்று கடிகாரத்தை நீட்டினார். போன மாதம் அவர் எனக்கு ஈசிஜி எடுத்தபோது தாளில் கோடு கன்னாபின்னாவென்று ஓட, செத்தேன் என்று நான் அலற, ஒயர் கழன்றிருக்கிறது என்று அவர் சிரித்தது நினைவுக்கு வந்தது.

"பட்டை சரியா ஒட்டியிருக்கான்னு பாருங்க அத்தான். அன்னைக்கு எங்கிட்ட அதத்தானே மொதல்ல சொன்னீங்க."

பனியனுக்குள் கையை விட்டார். பட்டை நழுவி வயிற்றுக்கு இறங்கியிருந்தது. பிறர் மார்பில் தினமும் முதலில் சரிபார்ப்பதைத் தன் மார்பில் பார்க்கத் தோன்றவில்லை அவருக்கு. பட்டையை உருவி என்னிடம் கொடுத்துவிட்டு, கழுத்தில் இரண்டு விரலை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். துடிப்பு வேகமாக இருக்கிறது, ஆனால் ஒழுங்காக இருக்கிறது என்றார்.

பிறகு, யாரும் சொல்லாமலே, நடைபாதை விளிம்பில் மெல்ல உட்கார்ந்தார். பயம் போய்விட்டது என்று நினைத்துவிட வேண்டாம். என் சட்டையை இறுகப் பிடித்திருந்தார். ஆட்கள் எங்களைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தார்கள். நான் அவர் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை, எடுத்தால் ஏதாவது ஆகிவிடுமோ என்று பயம்.

"அப்பா இப்படித்தான் உக்காந்திருந்தாரு," என்றார்.

எவ்வளவு நேரம் போனதோ தெரியவில்லை. சட்டையை விட்டார். நான் கை கொடுத்தேன், பிடிக்கவில்லை. முழங்காலில் கையை ஊன்றித் தானாகவே எழுந்தார்.

"உங்கக்காவுக்கு ஃபோன் பண்ணு. உக்காந்து எந்திரிச்சிட்டேன்னு சொல்லு."

சொல்லிவிட்டு, பாலத்தின் அந்தப் பக்கம் பார்த்து ஓட ஆரம்பித்தார். நான் அக்காவைக் கூப்பிட்டு அதை அப்படியே சொன்னேன். அவள் ஓவென்று அழுதாள்.