போகாத பீஸ்

ராயபுரத்தில் நாங்கள் இருந்த வீட்டில் ஐந்து குடித்தனம், ஒரே மீட்டர், நடையில் ஒரே பீஸ்கட்டை. மழை வந்தால் போதும், டப்பென்று பீஸ் போய்விடும். கட்டையைப் பிடுங்கி, கருகின கம்பியை எடுத்துவிட்டு, தலைமுடி மாதிரி மெல்லிசாய் வேறு கம்பி கட்டினால் வெளிச்சம் வரும். அடுத்த தூறலில் மறுபடியும் போகும். பேஜாருன்னா அப்படி ஒரு பேஜாரு.

பழி மட்டும் எங்கள் அம்மா தலையில்தான் விழும். ஐந்து குடித்தனத்தில் ரேடியோப்பெட்டி எங்களிடம் மட்டுமே இருந்தது. அப்பா போனபிறகு அம்மாவுக்கு இருந்த ஒரே சுகம் அது. எதிர்ப் போர்ஷன் அக்கா ஆரம்பிப்பாள். மகாராணி பாட்டுக் கேட்க நாங்கள் இருட்டில் கிடக்கணுமா என்பாள். அவள் வாயில் விழுந்து எழுந்தவர் யாரும் கிடையாது. அம்மா எழுந்துபோய் ரேடியோவை நிறுத்தித் துணி போட்டு மூடுவாள். மழை வந்தால் அவளுக்கு இழுப்பு வேறு. "அந்தக் கட்டையும் என்னிய மாரிதான், ஈரம் ஒத்துக்காது" என்று இருமிக்கொண்டே சிரிப்பாள். ரேடியோ ஓடாத நாளிலும்தான் பீஸ் போனது, அதை எவள் யோசித்தாள்?

பொறுக்காதவன் என் அண்ணன். ஹார்பரில் கிரேன் வேலை அவனுக்கு. ஐப்பசியில் ஒருநாள் அக்காவின் பேச்சு எல்லை மீறிப்போய், அம்மா சாப்பிடாமல் படுத்துவிட்டாள். மறுநாள் அண்ணன் வேலை முடிந்து வரும்போது, வீணாய்க் கிடந்த கேபிளிலிருந்து செம்புக் கம்பி கொண்டுவந்தான். நல்ல தடிமன். மூன்றாய் முறுக்கிக் கட்டையில் வைத்து இறுக்கினான். மொத்தக் குடித்தனமும் நடையில் நின்று பார்த்தது.

"இனிமே இது போவாது. எங்கம்மாவ எவளும் ஒரு வார்த்த கேக்கக்கூடாது" என்றான்.

போகத்தான் இல்லை. அதற்கப்புறம் அக்காவே வந்து அம்மா பக்கத்தில் உட்கார்ந்து பாட்டுக் கேட்டாள். அம்மா முகத்தில் அப்போது இருந்த களையைப் பார்த்திருக்கவேண்டும். சத்தத்தைக் கூட்டி வைத்துவிட்டு, வேலை செய்துகொண்டே கூடப் பாடுவாள்.

கார்த்திகையில் புயல் மழை அடித்தது. மழை விட்ட ஞாயிற்றுக்கிழமை, காலைப் பூசைக்குப் போய்வந்த அம்மா, முற்றத்தில் நனைந்து கிடந்த துணிகளை எடுக்கப் போனாள். துணி காயப்போடும் கொடி இரும்புக் கம்பி. அதன் ஒரு முனை குளியலறைத் தகரக் கூரையில் கட்டியிருந்தது. நான் உள்ளே குழம்பு கொதிக்க வைத்திருந்தேன். அம்மா கத்தவில்லை, ஒன்றும் கேட்கவில்லை. ரேடியோ அதுபாட்டுக்குப் பாடிக்கொண்டே இருந்தது. நான் வெளியே வந்து, அவள் கொடியைப் பிடித்தபடி விழுந்து கிடந்ததைப் பார்த்தபோதும் அது பாடிக்கொண்டுதான் இருந்தது. அதைத்தான் என்னால் இன்றுவரை தாங்க முடியவில்லை.

லைன்மேன் வந்து பார்த்துச் சொன்னார். முற்றத்து விளக்குக்குப் போன ஒயர் உப்புக் காற்றில் உரிந்துபோய்த் தகரத்தில் பட்டுக்கொண்டிருந்ததாம். ஈரமானால் தகரத்தில் கரண்ட் இறங்கும், உடனே அந்த மெல்லிசுக் கம்பி எரிந்துபோய்க் கரண்டை நிறுத்திவிடும். அதைத்தான் நாங்கள் அத்தனை வருஷமும் சனியன் என்று திட்டியிருக்கிறோம். அப்புறம் அவர் கட்டையைப் பிடுங்கினார். முறுக்கின செம்பைக் கையில் வைத்துக்கொண்டு, யார் கட்டினது என்று கேட்டார்.

அண்ணன் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றான். எதிர்ப் போர்ஷன் அக்கா முன்னால் வந்தாள்.

"எல்லாருந்தான் கட்னோம், நைனா."

ஒருத்தரும் இல்லை என்று சொல்லவில்லை. அந்த ஒரு வார்த்தைக்காக அவளை நான் மன்னித்துவிட்டேன். அண்ணன்தான் தன்னை மன்னிக்கவே இல்லை. அந்த ரேடியோவை அவன் அப்புறம் தொடவும் இல்லை, விற்கவும் விடவில்லை.

இப்போது திருவொற்றியூரில் பிள்ளையோடு இருக்கிறான். புது வீடு. மழை வந்தால் அங்கே டிரிப்பர் என்கிற சுவிட்சு தானாகக் கீழே விழுந்து கரண்டை நிறுத்திவிடுகிறதாம். மருமகளுக்கு எரிச்சல். இந்தத் தொல்லையே வேண்டாம், கழற்றிப் போடுங்கள் என்று எலக்ட்ரீஷியனைக் கூட்டிவந்துவிட்டாள். அண்ணன் அந்தப் பெட்டிக்கு முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டானாம்.

"அது போனா போவட்டும் கண்ணு. போவாதத ஒருதபா கட்னவன் நானு."